குதிகால் வைத்த காலுறை

ஒரு காலுறையின் குதிகாலுக்காக இரண்டு முன்பற்களைக் கொடுத்தவன் மலாயாவின் கெடா மாநிலத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கேட்பவர்களிடம் ஜப்பான்காரன் உடைத்தான் என்று வீரமாகச் சொல்லிவிடுவேன். உடைத்தது அவன்தான். உடைக்க வைத்தது என் படிப்பு.

அப்போது நான் மெர்போக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணி, அதாவது இளைய கணக்குப்பிள்ளை. ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடிப்போயிருந்தார். ரப்பர் வாங்க ஆளில்லை. மிச்சமிருந்தது தொழிலாளிகள் மட்டும்தான். அவர்களையும் சயாமில் ரயில் பாதை போட அள்ளிப்போக ஒரு காலை லாரி வந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்றோம். பெரிய கிராணி குனிந்து வணங்கியது போதவில்லை என்று ஜப்பானியச் சார்ஜண்ட் அவரை மூங்கிலால் அடித்து மண்ணில் சாய்த்தான். பிறகு மூச்சு வாங்கியபடி சந்தை மலாயில் கேட்டான்: பீடோங்கில் ஒரு பனியன் கடையில் காலுறை பின்னும் எந்திரம் கிடக்கிறது, ஓட்டத் தெரிந்தவன் உண்டா?

நான் கையைத் தூக்கினேன். அந்த எந்திரத்தை நான் பார்த்ததுகூட இல்லை. அதைப்போல ஒன்றின் ஆங்கில விளக்கப் புத்தகத்தை ஆபீஸ் பழைய காகிதக் கட்டில் கண்டெடுத்துப் படித்திருந்தேன். அச்சடித்தது எதுவானாலும் படித்துவிடும் கெட்ட பழக்கம்.

"போலே?" முடியுமா என்றான்.

"போலே, துவான். இவர் என் உதவியாள்" என்று பக்கத்தில் நின்ற அக்காள் கணவரையும் காட்டினேன். அவர் லாரி ஏறிப்போனால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது?

காலுறை சரியாக வந்தால் இருவரும் இங்கே, இல்லாவிட்டால் அடுத்த லாரியில் சயாம் என்றான் சார்ஜண்ட். இதில் புரியாமல் போக ஒன்றுமில்லை.

எந்திரம் ஓர் இரும்பு உருளை. சுற்றிலும் நீளப் பள்ளங்களாகக் காடிகள், காடிக்கு ஓர் ஊசி. ஊசி நுனியில் கொக்கி, அதை மூடித் திறக்க ஒரு சின்ன நாக்கு. கைப்பிடியைச் சுற்றினால் ஊசிகள் ஒவ்வொன்றாக எழுந்து நூலைக் கவ்வி இறங்கும். பழைய வளையம் நாக்கைத் தாண்டி நழுவும். அதற்குள்ளிருந்து புது வளையம் பிறக்கும். பாவும் கிடையாது, ஊடையும் கிடையாது. ஒன்றின் கழுத்தில் ஒன்று தொங்கும் வளையங்கள்தான் மொத்தத் துணியும். அப்போதைய ஆட்சிமுறையும் ஏறக்குறைய இதுதான். ஒரு வளையம் அறுந்தால் அந்த வரிசை முழுக்க ஏணிபோல் அவிழ்ந்துகொண்டே போகும்.

சும்மா சுற்றினால் நேரான குழாய் வரும். குழாய் யாருக்கு வேண்டும்? துரைமார் காலுறைக்குக் குதிகால் உண்டு. அதற்குப் பாதி ஊசிகளை நிறுத்திவிட்டு, கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டி, வரிசைக்கு ஓர் ஊசியாகக் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். படித்தவன் செய்கிற வேலை.

"மாப்ளே, தோள்பட்டை கழண்டுரும்போல இருக்குலா. இதுக்குச் சயாமே தேவலாம்."

"சுத்துங்க மாமா. குதிகால் இல்லாத ஸ்டாக்கிங்கக் குடுத்தா மூஞ்சியில எறிவான்."

ஊசி ஒடியும்போதெல்லாம் காவல்காரன் மாமாவின் முதுகில் துப்பாக்கிக் கட்டையால் ஒன்று போட்டான். ஊசியைத் தப்பாகப் பொருத்தியது நான், முதுகு அவருடையது.

காலுறைகளைப் பார்க்க சார்ஜண்ட் வந்த அன்று வாசலில் லாரி நின்றது. அதில் ஏற்கெனவே ஆட்கள் குந்தியிருந்தார்கள். அவன் ஒரு காலுறைக்குள் கையை விட்டான். விரல் குதிகாலில் போய் நின்றது.

"இனி அபா?" இது என்ன என்றான்.

குதிகால் என்றேன், பெருமையாக.

அவன் ஒரு பூட்ஸைக் கழற்றிக் காட்டினான். காலில் இருந்தது நேரான குழாய். பைக்குள்ளிருந்து இன்னொன்றை எடுத்தான். அதுவும் குழாய், அரிசி நிரப்பி முடிச்சுப் போட்டது. அவர்கள் படையில் காலுறை காலுக்கு மட்டுமல்ல, அரிசி சுமக்கும் பையும் அதுதான். அந்த அரிசியை என் காலுறைக்குள் கொட்டினான். குதிகால், பொன்னுக்கு வீங்கியவன் கன்னம்போலப் புடைத்தது. சிப்பாய்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. காலுறையின் வாயை முடிந்து, ஓங்கி என் தாடையில் அடித்தான்.

நெய்த பையாக இருந்தால் இரண்டாம் அடியில் கிழிந்திருக்கும். பின்னல் கிழியாது, நீளும். ஒவ்வொரு வீச்சுக்கும் நீண்டு, நான் ஒளித்த இடத்தையெல்லாம் எட்டியது. வாய் நிறைய ரத்தமும் பல்லுமாகத் துப்பினேன். அடுத்த வீச்சில் குதிகால் எந்திரத்தின் கொக்கியில் மாட்டியது. ஒரு வளையம் அறுந்தது, ஏணி திறந்தது, அரிசி தரையெல்லாம் கொட்டியது.

மரவள்ளிக்கிழங்கே தின்று அரிசியின் நிறம் மறந்திருந்தோம். மாமா முழங்காலில் விழுந்து அள்ளினார். சார்ஜண்ட் பூட்ஸ் போட்டிருந்த காலால் அவர் வலது கையை மிதித்தான். ஊசி ஒடிகிற சத்தம் எனக்குப் பழக்கம். இது அதைவிடத் தடித்த சத்தம். மறுபடியும் மிதித்தான். மாமா அலறினார், முஷ்டியைத் திறக்கவில்லை.

மாமாவை முடியைப் பிடித்து லாரிக்கு இழுத்துப்போனார்கள். மேலே நின்றவன் தொங்கிய கையைப் பார்த்தான். இனி மண்வெட்டி பிடிக்க உதவாத கை என்று நெஞ்சில் உதைத்துக் கீழே தள்ளினான். என்னைக் குழாய் பின்னச் சொல்லிவிட்டு லாரி போனது. அதில் இருந்தவர்களில் ஒருவரையும் பிறகு நான் பார்க்கவில்லை.

மாமா அந்தக் கையால் அப்புறம் ரப்பர் பால்வெட்டும் கத்தி பிடிக்கவில்லை. ஆனால் வீட்டில் இருந்தார். இப்போதும் விருந்துகளில், பொய்ப்பல் மின்ன, என் குதிகால்தான் அவரைச் சயாமிலிருந்து காப்பாற்றியது என்பேன்; அது மாட்டியதால்தானே அரிசி கொட்டியது, அந்தப் பிடி அரிசியில்தானே அன்று அக்கா கஞ்சி வைத்தாள்?

போன தீபாவளிக்கும் சொன்னேன். அக்கா முறுக்கைத் திருப்பிப் போட்டபடி சொன்னாள்:

"என்னத்த பெரிய அரிசி. பாதி கல்லுலா அது. மீதியில உன் பல்லு ஒண்ணு கெடந்துச்சு, பொறுக்கி எறிஞ்சேன்."