பேர் சொல்லாததால் வந்த பிடிவாரண்டு

என் வீட்டுக்காரர் மேல் பிடிவாரண்டு வந்ததற்குக் காரணம் நான்தான். அவர் யாரையும் அடிக்கவில்லை, எதையும் திருடவில்லை. அவருக்கு வாய்த்த நான் கோர்ட்டில் போய் வாயை மூடிக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். வீட்டில் வாய் மூடாதவள், மூடக்கூடாத இடத்தில் மூடினேன்.

அப்போது மாரிகுப்பத்துக்கு ரயில் வந்த புதிது. வட ஆற்காட்டிலிருந்து வந்த எங்களைப் போன்றவர்களுக்குத் தங்கச் சுரங்கக் கம்பெனி மூங்கில் தட்டி வைத்த வீடுகளை வரிசையாகக் கட்டிக் கொடுத்திருந்தது. ஒரே அறை. பக்கத்து வீட்டில் தும்மினால் நம் வீட்டில் விளக்கு ஆடும். அந்த லைனில் ரகசியம் என்று ஒன்று கிடையாது, ஆனால் வீட்டுக்காரர் பேரை வாய்விட்டுச் சொன்ன பெண்ணும் கிடையாது. ஒரு தடவை சொன்னால் அவர் ஆயுசில் ஒரு நாள் குறையும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். தினமும் கூண்டில் ஏறிப் பூமிக்கு அடியில் இறங்குகிற மனுஷனுக்கு ஒரு நாளைக்கூடக் குறைக்க எனக்கு மனசு வராது.

சாராயக் கடை வாசலில் இரண்டு பேர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் குடிக்கிறவர் இல்லை. ஷிப்டு முடிந்து அந்த வழியாக வந்தவர், சும்மா வராமல் நடுவில் புகுந்து விலக்கிவிட்டார். அந்தப் புண்ணியத்துக்குக் கோர்ட்டில் சாட்சி சொல்ல வரச்சொல்லி சம்மன் வந்தது. அவரோடு சேர்த்து நாலு சாட்சிகள்.

ஆஜராக வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்னால் சுரங்கத்து லெவலில் கல் சரிந்து அவர் வலது கால்மேல் விழுந்தது. எலும்பு முறிவு. கம்பெனி ஆஸ்பத்திரியில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, ஒரு மாதம் அசையக்கூடாது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

"நீ போயி சொல்லிட்டு வந்துரு மே. கால் ஒடைஞ்சி படுத்துக்கீறாருன்னு சொல்லு. அவங்களும் மனுசங்கதான்" என்றார்.

போனேன். ஓட்டு வில்லை போட்ட கட்டிடம். சேவகன் வாசலில் வந்து நின்று நாலு பேர்களையும் ஒரே மூச்சில் கூவினான். இரண்டு ஆண்கள் உள்ளே போனார்கள். பின்னாலேயே நானும் போனேன். உள்ளே மாஜிஸ்திரேட்டு மேடைமேல் உட்கார்ந்து எதையோ படித்துக்கொண்டிருந்தார். கீழே மேஜையில் இருந்த குமாஸ்தா கன்னடக்காரர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"நீ யாரம்மா?"

"எங்க வூட்டுக்காரரு வரலீங்க. கால் ஒடைஞ்சி போச்சி. சொல்லிட்டுப் போவ வந்தேன்."

"யாரு உன் வீட்டுக்காரரு? ரெண்டு பேர் வரலை. ஹெசரு ஏனு? பேரு, பேரு!"

நான் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் மறுபடி கேட்டார். ஊரில் எங்களிடம் யாராவது கேட்டால் ஜாடையாகச் சொல்வோம், கேட்கிறவர்களும் புரிந்துகொள்வார்கள். அந்த வழக்கத்தில் சொன்னேன்: "திருத்தணி மலைமேல இருக்கிற சாமி பேருங்க."

அவர் பட்டியலைப் பார்த்தார், "ஓ" என்றார், ஏதோ எழுதினார், "சரி, போம்மா" என்றார். நானும் பெரிய காரியம் சாதித்தவள்போல வீட்டுக்கு வந்து, கோர்ட்டில் எப்படிப் பேசினேன் என்று அவரிடம் அளந்துவிட்டேன்.

எட்டு நாள் கழித்துப் போலீஸ்காரர் ஒருவர் தட்டிக் கதவைத் தட்டினார். கையில் காகிதம். என் வீட்டுக்காரர் பேரைப் படித்து, பிடிவாரண்டு என்றார்.

"இன்னாங்க இது அநியாயம்! நான்தானே போயி சொல்லிட்டு வந்தேன்!"

"அது எனக்குத் தெரியாதும்மா. தகவல் இல்லாம வராத சாட்சியப் புடிச்சிக் கொண்டான்னு இதுல எழுதிக்கீது" என்றவர், பத்தை கட்டிய காலைப் பார்த்ததும் கொஞ்சம் இறங்கி வந்தார். "நான் பார்த்துட்டேன், நடக்க முடியாதுதான். ஆனா நான் பார்த்தா போதாது. மாஜிஸ்திரேட்டு ரத்து பண்ணி எழுதணும். நாளைக்கிக் காலையில நீ போயி கேளு. மத்தியானம் வரைக்கும் பார்க்கிறேன். அதுக்குள்ள ரத்து ஆவலன்னா மாட்டு வண்டி கொண்டாந்து ஏத்திக்கினு போவ வேண்டியதுதான்."

அவர் போனதும் நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். போலீஸ் கொண்டுபோன ஆளைக் கம்பெனி மறுபடி சேர்க்காது. வேலை டிக்கெட்டைக் கிழித்துவிடுவார்கள். டிக்கெட் போனால் வீடும் போகும். உடைந்த காலோடு வண்டியில் குலுங்கிப் போய் லாக்கப்பில் கிடப்பார், திரும்பி வர ஒரு கூரையும் இருக்காது.

"நீ இன்னாதான் சொல்லிட்டு வந்தே அங்க?" என்றார்.

"சொல்ல வேண்டியதத்தான் சொன்னேன்" என்று எரிந்து விழுந்தேன். தப்பு எங்கே என்று தெரியாததால் கோபம் அதிகமாக வந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிச் சீட்டை மடியில் செருகிக்கொண்டு, முதல் ஷிப்டு சங்கு ஊதும்போதே கிளம்பினேன். குமாஸ்தா வரும்வரை கோர்ட்டுப் படியில் உட்கார்ந்திருந்தேன். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே புத்தகத்தைப் புரட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி என்னை முறைத்தார்.

வராத இரண்டு பேருக்குமே திருத்தணிச் சாமியின் பேர்தான். அந்தச் சாமிக்குப் பேர் ஒன்றா இரண்டா? எங்கள் பக்கத்தில் பாதி ஆண்களுக்கு அவற்றில் ஏதாவது ஒன்றைத்தான் வைப்பார்கள். குமாஸ்தா நான் சொன்னதைக் கேட்டு, இன்னொருத்தர் பேருக்கு எதிரே 'கால் முறிவு, மனைவி தெரிவித்தாள்' என்று எழுதியிருக்கிறார். அந்த மனுஷன் கால் நன்றாக இருந்தது. மச்சினன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய் அந்தக் காலால் ஆடிக்கொண்டிருந்தான். அவனுக்கு மன்னிப்பு, என் வீட்டுக்காரருக்கு வாரண்டு.

"பொய்யா சொல்லிட்டுப் போனே?" என்று குமாஸ்தா கத்தினார்.

"நான் எங்கங்க பொய் சொன்னேன்? சாமியச் சொன்னேன். நீங்க ஆள மாத்திட்டீங்க!" என்று நானும் கத்தினேன். சேவகன் ஓடி வந்து இரண்டு பேரையும் அடக்கினான்.

மாஜிஸ்திரேட்டு வந்ததும் முதல் ஆளாக என்னை நிறுத்தினார்கள். அவர் கன்னடத்தில் பேச, குமாஸ்தா தமிழில் சொன்னார். சீட்டை நீட்டினேன். மாஜிஸ்திரேட்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பெனி ஆஸ்பத்திரியில் ஆள் பேர் எழுத மாட்டார்கள், டிக்கெட் நம்பர் மட்டும்தான். நம்பரைப் பார்த்து ஆளைச் சொல்லக் கோர்ட்டில் யாருமில்லை.

"கால் ஒண்ணு ஒடைஞ்சிருக்கு, வராதவங்க ரெண்டு பேர்" என்றார் குமாஸ்தா. "போன தடவை ஜாடைய நம்பி எழுதினோம், தப்பாப் போச்சு. இந்தத் தடவை சத்தியம் பண்ணி உன் வாயால பேரைச் சொல்லணும். சொன்னா இப்பவே வாரண்டு ரத்து. இல்லேன்னா அவரே வந்து நிக்கட்டும்."

கோர்ட்டு முழுக்க ஆண்கள். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். வெளியே எங்கோ மாட்டு வண்டி மணிச் சத்தம் கேட்டது. யார் வண்டியோ, எனக்குப் போலீஸ் கொண்டுவரும் வண்டியாகத்தான் பட்டது. சாமி, குறைக்கிற நாளை அவர் ஆயுசில் குறைக்காதே, என் ஆயுசில் எடுத்துக்கொள் என்று வேண்டிக்கொண்டு, கண்ணை மூடிப் பேரைச் சொன்னேன்.

"கேக்கலை" என்றார் குமாஸ்தா.

பேர் காற்றாகத்தான் வந்திருந்தது. மறுபடி சொன்னேன். அவர் பேனாவை மையில் தொட்டுக்கொண்டே, "கடேசிப் பாதி மறுபடி சொல்லு" என்றார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது. ஒவ்வொரு தடவைக்கும் என்ன விலை என்று இந்த மனுஷனுக்குத் தெரியுமா? கட்டிடம் அதிர முழுப் பேரையும் கூவினேன். சேவகன்கூட அப்படிக் கூவியதில்லை. மேடைமேல் இருந்தவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

"தகப்பன் பேரு?" என்றார் குமாஸ்தா.

அட கடவுளே, மாமனார் பேர்! அதுவும் நாங்கள் சொல்லக்கூடாத பேர்தான். வந்தது வரட்டும் என்று அதையும் போட்டு உடைத்தேன். "ஊரு வேணுமா? குலதெய்வம் வேணுமா? எழுதிக்குங்க" என்றேன். மாஜிஸ்திரேட்டுக்குத் தமிழ் புரியும் என்று அப்போதுதான் தெரிந்தது, ஏனென்றால் அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே வாரண்டு ரத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கால் தேறியதும் சாட்சி வந்தால் போதும் என்றார். அதே பேனாவால் கல்யாணத்துக்குப் போனவனுக்கும் ஒரு வாரண்டு எழுதினார். அவன் பெண்சாதி இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. எனக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ரத்துக் காகிதத்தைப் போலீஸ்காரரிடம் காட்டிவிட்டு வீட்டுக்கு வரும்போது உச்சி வெயில். லைனில் சேதி எனக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தது. அவர் பாயில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னாமே, கோர்ட்ல என் பேரக் கூவினியாமே?"

அதுவரை தைரியமாக இருந்தவள், பாயோரம் உட்கார்ந்து அழுதுவிட்டேன். "மூணு தடவ சொல்லிட்டேங்க. மூணு நாளு போச்சே" என்றேன்.

"மூணு நாளா?" அவருக்குச் சிரிப்பு வந்தது. "லாக்கப்புல அதுக்கு மேல போயிருக்கும், வுடு." பத்தையின் முடிச்சை விரலால் நெருடிக்கொண்டிருந்தார். "ஊர்ல எல்லாருக்கும் கேட்டுச்சி. எனக்குத்தான் கேக்கல" என்றார்.

"இன்னா சொல்றீங்க?"

"இன்னொரு நாளு போனா போவட்டும், நானே குடுக்கிறேன். ஒரு தடவ சொல்லு மே."

நான் எழுந்து போய்த் தட்டிக் கதவைச் சாத்தினேன். பக்கத்து வீட்டில் கேட்டுவிடாமல் அவர் காதருகே குனிந்து சொன்னேன். கூப்பிட்டதற்குப் பதில் சொல்கிறவர்போல, அவர் "ஊம்" என்றார்.