கடலூருக்கு வந்த எச்சரிக்கை

எங்கள் பக்கத்தில் சிக்னல் என்று யாரும் சொல்வதில்லை, டவர் என்றுதான் சொல்வார்கள். பாகூருக்குத் தெற்கே, தென்பெண்ணைக் கரையில் இருக்கும் என் அக்கா வீட்டில் எங்கள் புதுச்சேரி டவர் எடுக்காது. அக்கரையில் நிற்கும் கடலூர் டவர்தான் எடுக்கும். வீடு புதுச்சேரியில், போன் தமிழ்நாட்டில். அதனால் மழை, விடுமுறை என்று போனில் எது வந்தாலும், "அது கடலூருக்கு வந்தது, நமக்கில்ல" என்று தள்ளிவிடுவது அங்கே எல்லோருக்கும் பழக்கம்.

என் பிழைப்பே இந்த டவர்கள்தான். ஒவ்வொரு டவரும், நான் இன்ன கம்பெனி, என்னிடம் வா என்று ஓயாமல் கூவிக்கொண்டிருக்கும். போன் அதை நம்பி ஒட்டிக்கொள்ளும். கூவுவது நிஜமான டவரா என்று விசாரிக்காது. ஒரு பெட்டிக்குள் அடங்குகிற போலி டவர் அதேபோலக் கூவினாலும் நம்பும். அது அனுப்புகிற அபாய அறிவிப்புக்கும் அலறும். அந்தக் கூவலில் யாரும் போலி செய்ய முடியாத முத்திரை ஒன்றைச் சேர்ப்பது எப்படி என்று பார்க்கிற குழுவில் நான் இருக்கிறேன். சோதனை அறையில் என் போனையே சுனாமி வருகிறது என்று அலற வைத்திருக்கிறேன். பொங்கலுக்குப் போனபோது இதை அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். போன் அலறினால் நம்பாதே, என்னைக் கேள் என்றேன். ஊருக்கு உபதேசம் செய்வதில் எனக்கு என்றுமே குறைச்சல் இல்லை.

போன மழைக்காலத்தில் ஒரு காலை அக்கா கூப்பிட்டாள். நான் வில்லியனூரில் என் வீட்டிலிருந்தபடியே ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். மழை விட்டு வெயில்கூட அடித்தது.

"போன் கத்துதுடா. அணையைத் தொறந்துட்டாங்களாம், ஆத்தோரம் இருக்கறவங்க மேட்டுக்குப் போவணுமாம். கடலூர் மாவட்டம்னு போட்டிருக்கு. நெசமாடா? மாட்ட அவுத்து ரோட்டுல கட்டட்டுமா?"

அது நிறைசினைப் பசு. அக்கா அதைப் பிள்ளை மாதிரி வளர்த்தாள். நான் மைக்கை அணைத்துவிட்டு, "மழையே இல்ல, இன்னா தண்ணி வரப்போவுது? ஃபேக்கா இருக்கும். இல்லன்னா கடலூருக்கு வந்திருக்கும். நீ பேசாம இரு" என்றேன்.

பேசாமல் இருந்தாள். மதியம் ஆறு கரையை மீறி ஊருக்குள் வந்தது. அக்காவும் மாமாவும் பக்கத்து மாடி வீட்டில் ஏறிப் பிழைத்தார்கள். கொட்டகைக்குப் போக முடியவில்லை. தண்ணீர் வடிந்தபோது கயிற்று முடிச்சு போட்டது போட்டபடி இருந்தது என்று மாமா சொன்னார். மாடு நன்றாக நீந்தும். அவிழ்த்து விட்டிருந்தாலே போதும்.

அது அக்கரை டவர் என்று எனக்குத் தெரியும். இரண்டு கரைக்கும் ஆறு ஒன்றுதான் என்று மட்டும் தோன்றவில்லை. போலி டவரைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன் நிஜ டவரைப் போலி என்றேன். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த உனக்கு என்ன தெரியும் என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். திட்டியிருந்தால் ஒரு வேளைச் சோறாவது நிம்மதியாக இறங்கியிருக்கும்.

சமீபத்தில் நான் அவள் வீட்டில் இருந்தபோது போன்கள் மறுபடி அலறின. எடுத்துப் பார்த்தேன். இது சோதனைச் செய்தி, நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று இருந்தது. நிமிர்ந்தால் அக்காவைக் காணோம். புதிதாக வாங்கிய கிடேரியை அவிழ்த்து ரோட்டு மேட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தாள். பின்னாலேயே ஓடி, வெறும் டெஸ்ட் மெசேஜ்தான் என்று சொன்னேன்.

"இருக்கட்டும்டா" என்று புளியமரத்தில் கயிற்றைக் கட்டினாள்.

நெசமாடா என்று அவள் என்னைக் கேட்கவே இல்லை.