நோனா, கோனா

என் பெண்டாட்டிக்கு ஒரு மரையின் தலையை மட்டும் நன்றாகத் தெரியும். கண்டி டவுனில் ஒரு பழைய ஹோட்டலில் அவள் துப்புரவு வேலை செய்கிறாள். அங்கே வரவேற்பு மேசைக்கு மேலே, வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ சுட்ட மரையின் தலையைக் கொம்போடு சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு வருடமாகக் காலையில் ஏணி போட்டு ஏறி அதைத் துடைப்பது அவள்தான். இடது காதுக்குப் பின்னால்தான் தூசு சேருமாம். வலது கண்ணாடிக் கண்ணில் ஒரு கீறல் இருக்கிறதாம். என் முகத்தைப் பற்றிக் கேட்டால் இவ்வளவு விவரம் சொல்வாளா என்பது சந்தேகம்.

"தலையைத் தொடச்சுத் தொடச்சு அலுத்துப் போச்சுங்க. மிச்ச உடம்போட, உசிரோட ஒரு தடவை பாக்கணும்," என்பாள். நகை கேட்கவில்லை, சேலை கேட்கவில்லை. மானை விடப் பெரிய, மாட்டளவு இருக்கும் ஒரு மிருகம். அதையும் வாங்கித் தரச் சொல்லவில்லை, காட்டத்தான் சொன்னாள். நாலைந்து வருடமாக அதைக்கூட நான் செய்யவில்லை.

நான் குண்டசாலையில் த்ரீவீல் ஓட்டுகிறேன். திங்கட்கிழமைதோறும் ஒரு சிங்கள மஹத்தயாவின், அதாவது ஐயாவின், தாயாரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போவேன். அந்த மஹத்தயாவுக்கு ஹுன்னஸ்கிரியவைத் தாண்டிக் காட்டோரமாக ஒரு லொட்ஜ் இருக்கிறது. மழைக்காலம், ஆளே வருவதில்லை, சனி ஞாயிறு உன் நோனாவைக் கூட்டிக்கொண்டு போய் இரு என்றார். நோனா என்றால் வீட்டு அம்மா. மரியாதையான சொல். தன்னை ஒருவர் நோனா என்று சொல்லிவிட்டார் என்றதும் அவள் அன்றைக்கே பையை எடுத்து வைத்துவிட்டாள்.

வண்டியில் ஏறும்போதே நிபந்தனை போட்டாள்.

"இங்க பாருங்க. ரெண்டு நாளைக்கு வாயை மூடிக்கிட்டு இருக்கணும். நீங்க பேசுனா மனுசனே நிக்க மாட்டான், மிருகம் எங்க நிக்கும்?"

"நான் ஊமைன்னு வச்சுக்க."

"ஊமை அப்படிச் சொல்லாது."

அஞ்சாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன், அல்லது பள்ளிக்கூடம் என்னை விட்டது. இரண்டில் எது என்று இன்னும் தீர்ப்பு வரவில்லை. ஆனால் என் சிங்களத்தைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. எல்லாம் பார்க்கில் கற்றது. பார்க் என்றால் பூங்கா இல்லை, நாங்கள் த்ரீவீல் நிறுத்தும் இடம். அந்தச் சிங்களத்தில் சண்டை போடலாம், சமாதானம் பேசலாம், வளைவில் முந்துகிறவனின் பரம்பரையை விசாரிக்கலாம். மற்ற விஷயங்களுக்குத்தான் சொற்கள் கொஞ்சம் குறைவு.

பார்க்கில் எனக்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு. கொனா. சிங்களத்தில் காளை மாடு. மனிதனைப் பார்த்துச் சொன்னால் மடையன். ஒருமுறை பின்னால் ஆள் ஏறிவிட்டதாக நினைத்து வண்டியை எடுத்து, வழி முழுக்க அரசியல் பேசிக்கொண்டு கெலிஓயா வரை போய், "இறங்குங்க" என்று திரும்பிப் பார்த்தால் சீட் காலி. அன்றிலிருந்து எந்தத் திசையில் அந்தச் சொல் கேட்டாலும் என் காது தானாக நிமிரும்.

லொட்ஜில் ஒரு காவலாளி இருந்தார். என் வயதுதான். காட்டிலேயே இருந்து பழகியதோ என்னவோ, எதையும் காதில் ரகசியம் சொல்வது போலத்தான் பேசினார். என் பெண்டாட்டிக்கு மரை பார்க்க வேண்டும் என்று அவரிடம் சொல்லப் போனேன். மரைக்குச் சிங்களத்தில் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. "லொக்கு முவா", அதாவது பெரிய மான் என்று சொல்லி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் விரித்துக் கொம்பு காட்டினேன். அவர் "ஆ, ஆ" என்று அதன் பெயரைச் சொன்னார். நான் சரியாகக் கேட்கவில்லை. கேட்டது போலத் தலையை ஆட்டி வைத்தேன். தெரியாததற்குத் தலையாட்டுவது என் தொழிலில் சகஜம்; வழி தெரியாத ஹயர் எல்லாம் அப்படித்தான் ஏற்றுகிறோம்.

சனிக்கிழமை முழுவதும் மிருகங்கள் வந்தன. எல்லாம் எங்கள் வீட்டுக்கும் வருகிற மிருகங்கள். குரங்குக் கூட்டம் வந்தது. குண்டசாலையில் எங்கள் கூரையில் ஓடுகிற அதே முகங்கள். அங்கே வாழைப்பழத்தோடு விட்டுவிடும். இங்கே என் இடது கால் செருப்பைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறி, அதை முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்தது. அட்டை ஒன்று என் காலில் ஏறி, நான் கண்டுபிடிப்பதற்குள் வயிறு நிறைந்து தானே இறங்கிவிட்டது. மாலையில் புதர் அசைந்தது. என் பெண்டாட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புதருக்குள்ளிருந்து கழுத்தில் மணியோடு ஒரு பசுமாடு வந்தது.

"இதப் பாக்கவா இம்புட்டு தூரம்?" என்றாள்.

அதற்குப் பிறகு காட்டுப்பன்றிகள் குட்டிகளோடு வந்து புல்தரையைக் கிளறின. நான் கதிரைமேல் ஏறி நின்றேன். அவள் தரையில் நின்றபடி அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு என்னை அண்ணாந்து பார்த்தாள்.

லொட்ஜில் எங்களைத் தவிர ஒரு முஸ்லிம் தம்பதி மட்டும் தங்கியிருந்தார்கள். அவருக்குக் கலகெதரயில் பெயர்ப்பலகை செய்யும் கடை. மூன்று மொழியிலும் போர்ட் எழுதுகிறவர். நான் அவரை முதலாளி என்று கூப்பிட்டேன், அவர் என்னை அண்ணன் என்றார். அவர் மனைவியும் என் பெண்டாட்டியும் அரை மணி நேரத்தில் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு பேருக்கும் புருஷனைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தது.

ஞாயிறு பத்து மணிக்கு நாங்கள் கிளம்ப வேண்டும். ஆகவே மிச்சமிருந்தது அந்த ஒரு காலைதான். விடியும் முன்பே எழும்பி ஜன்னலோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டாள். வெளியே பனி. ஆறு மணி வரை ஒன்றும் வரவில்லை.

"மூஞ்சியைக் கழுவிட்டு வந்துர்றேன். அசையாம இருங்க," என்று குளியலறைக்குப் போனாள்.

அசையாமல் இருப்பதுதானே, பல்லை விளக்கிக்கொண்டே இருக்கலாம் என்று நான் வெளியே வந்தேன். விறாந்தைக்கு எதிரே, தோட்டத்தின் நடுவில் ஒரு பைப். சாரத்தை மடித்துக் கட்டி, வலது காலில் மட்டும் செருப்பு, வாய் நிறைய நுரை. லொட்ஜைப் பார்த்தபடி நின்றேன். முதுகுக்குப் பின்னால் கொய்யா மரங்கள், அதற்கப்பால் காடு.

விறாந்தையின் ஓரத்தில் காவலாளி நின்றார். விரல் நேராக என்னைக் காட்டியது. கண் எங்கள் ஜன்னலைப் பார்த்தது. குரல் வழக்கம்போல ரகசியம்.

"நோனா! நோனா! கோனா! என்ன, என்ன!"

சிங்களத்தில் 'என்ன' என்றால் 'வாங்க'. இது எனக்குத் தெரியும். ஆக, என் காதில் விழுந்தது இதுதான்: அம்மா, வந்து பாருங்க, மாடு!

குண்டசாலையிலிருந்து இவ்வளவு தூரம் வளைவு வளைவாக ஏறி வந்தால், இங்கேயும் எனக்கு அதே பெயர். அதுவும் என் பெண்டாட்டியைக் கூப்பிட்டு, விரலை நீட்டிக் காட்டிச் சொல்கிறார். நான் நின்ற கோலத்தைப் பார்த்தால் அவர் சொன்னதில் பெரிய பிழையும் இல்லை. அதனால்தான் கோபம் இன்னும் கூடியது.

"யாருடா மாடு?" என்று தமிழில் ஆரம்பித்துச் சிங்களத்துக்குப் போனேன். "கவுத கொனா? உம்ப தமய் கொனா!" யார் மாடு, நீதான் மாடு. பார்க்கில் தினமும் பயிற்சி எடுத்த வாக்கியம், ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது. அவர் இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக் காட்டினார். பிறகு கும்பிட்டார். பயந்துவிட்டார் என்று எனக்கு உற்சாகம். பிரஷை வாள் மாதிரிப் பிடித்துக்கொண்டு, நொண்டி நொண்டி, இன்னும் சத்தமாக அவரை நோக்கி நடந்தேன்.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் 'டாங்க்' என்று லொறி ஹோர்ன் அடித்தது. காட்டுக்குள் லொறி எங்கே வந்தது என்று யோசிக்கவில்லை. தொழில் பழக்கம், ஓரம் கட்டினேன். அதாவது, பூப்பாத்திக்குள் குப்புற விழுந்தேன்.

என் பெண்டாட்டி முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடி வந்தாள். அவள் பார்த்தது ஒரு பெரிய பழுப்புப் பின்பக்கம், தூக்கிய வால், மூடிக்கொண்ட புதர். நான் பார்த்தது குரோட்டன் இலை.

"அதுவா?" என்றாள்.

"கோனா," என்றார் காவலாளி, துக்க வீட்டில் சொல்வது போல.

விறாந்தையில் முதலாளியும் மனைவியும் கதிரையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கையில் இருந்த தேத்தண்ணியைக்கூடக் குடிக்கவில்லை.

"அண்ணன், ஒங்கட பின்னுக்கு அது நல்ல நேரமா நிண்டீந்திச்சு," என்றார் முதலாளி. "நாங்க மூச்சும் உடல்ல. நீங்க சத்தம் போடவும் அதும் ஹோர்ன் மாதிரிக் கத்திட்டு ஓடிட்டு."

"அவரு என்னைய மாடுன்னாரு, முதலாளி!"

"செல்லல்லயே. கோனா எண்டா மரை. கொனா எண்டாத்தான் மாடு." தேத்தண்ணியில் விரலைத் தொட்டு மேசையில் எழுதிக் காட்டினார். "நம்மட எழுத்துல பாருங்க. காலு ஒண்டுதான், கொம்புலதான் வித்தியாசம். ஒத்தச் சுழிக் கொம்பு போட்டா மாடு, ரெட்டச் சுழிக் கொம்பு போட்டா மரை. போர்ட்ல இத மாத்திப் போட்டா கடைக்காரன் என்னைய உட மாட்டான்."

"இவரு ரெண்டாம் வகுப்புலயே கொம்பு படிச்சிருக்கணுமே," என்றாள் என் பெண்டாட்டி.

"அன்னிக்கு நான் லீவு."

யாரும் சிரிக்கவில்லை. நான் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கு நிறுத்தத் தெரியாது.

"கோவிச்சுக்காத புள்ள. தலையை ஹோட்டல்ல பாத்துட்ட, பின்பக்கத்தை இங்க பாத்துட்ட. நடுவுல கொஞ்சந்தான் பாக்கி."

முதலாளியின் மனைவி முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பை அடக்கினாளா, திட்டை அடக்கினாளா தெரியவில்லை. என் பெண்டாட்டி என்னைப் பார்க்கவே இல்லை. காவலாளியிடம் போனாள். அவளுக்குச் சிங்களம் அதிகம் வராது. இரண்டே சொல்லில் கேட்டாள்.

"ஹெட்டத் எனவத?" நாளைக்கும் வருமா?

விழுந்த கொய்யாப்பழத்துக்காக வரும், சத்தம் இல்லாவிட்டால் வரும் என்றார் அவர். சத்தம் என்று சொல்லும்போது என் பக்கம் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார். நல்ல மனிதர். நான் மன்னிப்புக் கேட்டதற்கு, பரவாயில்லை, வீட்டில் தன் நோனாவும் தன்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள் என்றார்.

"நான் நாளைக்கும் இருக்கேன். நீங்க போங்க," என்றாள் என்னிடம்.

"தனியாவா?"

"நாங்க ஈக்கிறோமே," என்றாள் முதலாளியின் மனைவி. "நாளைக்குப் பகல் எறங்கிற நேரம் தங்கச்சிய வேன்ல கூட்டிட்டு வாறோம். நீங்க யோசிக்காம போங்க, அண்ணன்." யோசிக்காமல் என்பதை விட, போங்க என்பதில்தான் அழுத்தம் இருந்தது.

எனக்குத் தங்க வழியில்லை. திங்கள் காலையில் மஹத்தயாவின் தாயாருக்குக் கிளினிக். அவள் ஒரு பாறைமேல் ஏறி நின்று, சிக்னல் பிடித்து, ஹோட்டலுக்குப் போன் பண்ணி, வயிற்று வலி என்று லீவு கேட்டாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் சொன்ன முதல் பொய் என்று நினைக்கிறேன். என்னைப் போல ஒருவனோடு குடித்தனம் நடத்துகிறவள் பொய்யில் இவ்வளவு கஞ்சமாக இருக்கக் கூடாது. நான் ஒற்றைச் செருப்போடு மலை இறங்கினேன்.

திங்கட்கிழமை எனக்கு நீளமான நாள். காலையில் பாணும் பருப்பும். பருப்பை நான்தான் சமைத்தேன், அதனால் பாண் மட்டும். கிளினிக் முடிந்து பார்க்குக்கு வந்து, வாய் சும்மா இருக்காமல் முழுக் கதையையும் சொல்லிவிட்டேன். அவர்களுக்குக் கொண்டாட்டம். நான் ஹயர் போய்த் திரும்புகிற நேரமெல்லாம் யாராவது ஒருவன் என் பின்னால் கை நீட்டி, "நோனா, என்ன, என்ன!" என்றான். எனக்கு அது உறைக்கவில்லை. நான் அடிக்கடி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அது வராமல் போயிருந்தால் அவள் இனிமேல் கேட்கவே மாட்டாள். அவள் சுபாவம் அது. கேட்டுக் கிடைக்காததை மடித்து உள்ளே வைத்துவிட்டு மறுநாள் ஏணியில் ஏறிவிடுவாள்.

மூன்று மணிக்கு வேன் வந்து சந்தியில் நின்றது. பையோடு இறங்கினாள். கணுக்காலில் இரண்டு அட்டைக் கடி, முகத்தில் தூக்கமில்லை.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"சத்தம் போடாம இருந்துச்சு."

வீட்டுக்கு வந்ததும் நானே தேத்தண்ணி ஊற்றினேன். எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். வாயைத் திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை. அவள் பாதித் தேத்தண்ணி குடித்தாள். ஜன்னலைப் பார்த்தாள். பிறகு தானாகவே ஆரம்பித்தாள்.

"மொதல்ல காது ரெண்டுந்தான் தெரிஞ்சுச்சு. பனிக்குள்ள காது மட்டும் ஆடுச்சு."

நான் தலையை ஆட்டினேன்.

"அப்புறம் மூக்கு. ஈரமா இருந்துச்சுங்க. ஹோட்டல்ல உள்ளதுக்கு வார்னிஷ் அடிச்சு வச்சிருக்காங்க, அதனால எனக்குத் தெரியல. நெசமாவே ஈரம். பெறகு முன்னங்கால் ஒன்னைத் தூக்குச்சு, வைக்கல. தூக்குனபடியே நின்னுக்கிட்டு..." அவள் கை மேசைக்கு மேலே எழும்பி, அந்தக் கால் போலவே நின்றது. "தூக்குனபடியே என்னைய நேராப் பாத்துச்சு."

அங்கே நான் சும்மா இருந்திருக்கலாம். இன்னும் அரை நிமிஷம்.

"உன்னையப் பாத்துமா ஓடாம நின்னுச்சு?"

அவள் கை இறங்கியது. எழும்பி, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஹோட்டல் சட்டையை அயன் பண்ணப் போய்விட்டாள்.

இது நடந்து ஒரு மாதமாகிறது. அவளை நேராகப் பார்த்த பிறகு அந்த மரை தூக்கிய காலை என்ன செய்தது என்று கலகெதர முதலாளிக்குத் தெரியும், அவர் மனைவிக்குத் தெரியும், காவலாளிக்குத் தெரியும். நேற்றுக் காலையில் அவளை ஹோட்டலில் இறக்கிவிடப் போகும்போது பார்க்கில் என் கூட்டாளி ஒருவன் அவளிடம் கேட்டான். அவனுக்கும் நின்று முழுவதும் சொன்னாள். நான் ஹேண்டிலைப் பிடித்தபடி காதைத் தீட்டினேன். தூக்கிய கால் வந்த இடத்தில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போய்விட்டது.