எங்கள் தெருவுக்கு மட்டும் வராத அறிவிப்பு

மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்குள் நுழைகிறவர்களின் மூக்கில் முதலில் ஏறுவது பேட்டரி அமிலத்தின் புளித்த நெடிதான். கூடத்து மூலையில் ஒரு மரப்பெட்டி, அதன்மேல் கார் பேட்டரி, பக்கத்தில் ஆம்ப்ளிஃபயர், சுவரில் சாய்த்து வைத்த இரண்டு கூம்பு ஒலிபெருக்கிகள். அந்தக் குழாய்களை எங்கள் தெருவில் "கொயா" என்பார்கள். திருத்தணியில் எழுபதுகளின் பிற்பகுதியில் என் அப்பா ஏகாம்பரத்துக்கு அந்தச் சாமான்கள்தாம் தொழில். நாங்கள் அவரை நைனா என்றுதான் அழைப்போம். கல்யாண வீட்டுக்குப் பாட்டுப் போடுவது, ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் காணாமற்போன பிள்ளைகளின் சட்டை நிறத்தைச் சொல்லிப் பெற்றவர்களை அழைப்பது, கொட்டகையில் படம் மாறினால் ஜட்கா வண்டியில் "கொயா"வைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போய்ச் சொல்வது என்று வருஷம் முழுக்க அவர் குரல் ஊரில் எங்காவது கேட்டுக்கொண்டே இருக்கும். ஊராட்சி அலுவலகத்தில் ஏதாவது அறிவிக்க வேண்டியிருந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தண்ணீர் வராத நாளும், பிள்ளைகளுக்கு அம்மை குத்துகிற நாளும் அவர் வாயால்தான் ஊருக்குத் தெரியும்.

படத்தையும் அம்மை ஊசியையும் ஒரே குரல் சொன்னதில் ஒரு சங்கடம் இருந்தது. எதைச் சொன்னாலும் ஜனங்கள் கொஞ்சம் சிரித்துக்கொண்டேதான் கேட்டார்கள். எனக்கு ஒன்பது வயதான அந்த ஐப்பசியில் புயல் வருகிறது என்று அவர் இரண்டு தடவை தெருத் தெருவாகச் சொன்னார். இரண்டு தடவையும் புயல் ஆந்திரப் பக்கம் போய்விட்டது. எங்களுக்குத் தூறலோடு சரி. அதற்குப் பிறகு அவரைக் கடைத்தெருவில் பார்க்கிறவர்களெல்லாம் கேலி பேசினார்கள். ஆற்றோரம் டீக்கடை வைத்திருந்தவர் என் முன்னாலேயே, "இன்னா ஏகாம்பரம், உன் புயலு எந்த டேசன்ல நின்னுகினு கீது? அரக்கோணத்துல வண்டி மாறி வருதா?" என்று கேட்டார். கிளாஸைக் கையில் வைத்திருந்தவர்கள் சிரித்தார்கள். நைனாவும் சிரித்துவிட்டு, "வாயால சொல்றது என் வேல, காதால கேக்கறது உங்க வேல" என்றார். அது அவர் அடிக்கடி சொல்கிற வார்த்தை.

மூன்றாவது தடவை அவர் சொன்னபோது வானம் செம்மண் கரைத்தது போல இருந்தது. ஆற்றோரத்தில் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்று அறிவிப்பு. நந்தி ஆற்றங்கரையில் நைனா வண்டியை விட்டு இறங்கி, குடிசை குடிசையாகப் போய்க் கையால் கூப்பிட்டுப் பார்த்ததாக ஜட்காக்காரர் பிறகு சொன்னார். பாதிப் பேர் போனார்கள். டீக்கடைக்காரர் போகவில்லை. அன்று பிற்பகல் காற்று மலையில் மோதித் திரும்பி ஊருக்குள் இறங்கியது. ஓடுகள் பறந்தன. ஆறு கரையை விட்டு ஏறி, சாக்கடையையும் எருக்குழியையும் கலைத்துக்கொண்டு பள்ளத்துத் தெருக்களில் நுழைந்தது. மறுநாள் காலையில் மழை விட்டபோது டீக்கடையின் மண்சுவர் விழுந்து கிடந்தது. அதற்கடியில் அவர் கிடந்தார்.

அன்றிலிருந்து ஊர் நைனாவைப் பார்க்கிற பார்வை மாறிவிட்டது. கடைத்தெருவில் அவரை நிறுத்தி, "இன்னும் ஏதாச்சும் வருதாங்க?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். அதுவரை "ஏகாம்பரம்" என்றவர்கள் "ஏகாம்பரம்ங்க" என்றார்கள். அதற்குப் பிறகு அவர் எதைச் சொல்லியிருந்தாலும் ஊர் முழுக்கக் கேட்டிருக்கும் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அதை நினைத்தால்தான் மேற்கொண்டு எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

நைனாவுக்கு ஒரே தங்கை, தேவகி அத்தை. எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி, அதே தெருவில் இருந்தாள். மாமா இறந்து நாலைந்து வருஷமாகியிருந்தது. அவர் விட்டுப்போனது சரளா என்கிற மகளையும் ஆற்றோரத்துக் கொய்யாத் தோப்பையும். தோப்பு என்று பேர்தான், இருபது மரம் இருந்தால் அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் அது காய்க்கும். மலைப்படிக்குப் போகிற வழியில் எங்கள் தெரு முனையில் அத்தை கூடையோடு உட்கார்ந்திருப்பாள். பாதி பழுத்தும் பழுக்காமலும் இருக்கிற "செங்காய்"தான் அதிகம் விற்கும். நாலாகக் கீறி மிளகாய்ப்பொடியும் உப்பும் தடவித் தருவாள். அந்த இரண்டு மாதம் விற்றதில்தான் அவர்களுக்கு வருஷம் ஓட வேண்டும்.

சரளாவுக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு. என்னைவிட நன்றாக ஓடுவாள், என்னைவிட மோசமாகக் கணக்குப் போடுவாள். என் நைனாவைப் போல மூக்கை அழுத்திக்கொண்டு, "பெரியோர்களே, தாய்மார்களே" என்று அவள் பேசிக் காட்டினால் நைனாவே நின்று கேட்டுவிட்டுப் போவார்.

புயல் அத்தையின் மரங்களில் ஒரு காய் விடவில்லை. எல்லாம் உதிர்ந்து முழங்கால் அளவு வெள்ளத்தில் மிதந்தன. மூன்று நாள் தண்ணீர் நின்றது. வடிந்ததும் அத்தையும் சரளாவும் சேற்றில் இறங்கிப் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். நானும் ஒரு கூடை தூக்கினேன். அழுகியதை அத்தை எறிந்துவிட்டாள். மற்றதைக் கிணற்றுத் தண்ணீரில் இரண்டு தடவை கழுவி, முந்தானையால் ஒவ்வொன்றாகத் துடைத்துக் கூடையில் அடுக்கினாள். அந்தக் கிணற்றுக்குள்ளும் வெள்ளம் இறங்கியிருந்தது என்பதை நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. கழுவிய பழம் பளபளவென்றுதான் இருந்தது.

அதற்குள் ஊரின் கீழ்ப்பக்கம் வாந்திபேதி தொடங்கிவிட்டது. மறுநாள் காலை நைனாவை ஊராட்சி அலுவலகத்துக்கு அழைத்து ஒரு காகிதம் கொடுத்தார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும், வெள்ளத்தில் விழுந்த பழம், காய், கீரை எதையும் பச்சையாகத் தின்னக் கூடாது, விற்கவும் கூடாது, விற்றால் கூடையோடு எடுத்துக் குழியில் கொட்டிவிடுவோம் என்று எழுதியிருந்தது. அவர் வண்டியில் பேட்டரியை ஏற்றிக்கொண்டிருந்தபோது அத்தை வந்து நின்றாள். அப்போது அங்கே நான் இல்லை, அம்மா இருந்தாள். அவர்கள் பேசிக்கொண்டதை அம்மா எனக்குச் சொன்னது பல வருஷம் கழித்து.

"ஊர் பூரா சொல்லுணா, நான் வேணான்னு சொல்லல. நம்ம தெரு ஒண்ண மட்டும் வுட்டுடு" என்றாளாம் அத்தை.

"அது எப்டிம்மா வுடறது? சர்க்கார் காகிதம்."

"சாய்ங்காலத்துக்குள்ள வித்துடுவேன். அப்புறம் எத்தினி தபா வேணா வந்து கூவு. நான் கழுவித் தொடச்சி வச்சிகீறேன்ணா, என் பொண்ணுக்கே குடுத்துகினு கீறேன். கெட்டதக் குடுப்பேனா?"

நைனா காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டாராம். அம்மாவும் அதில் தலையிடவில்லை. அண்ணன் தங்கைக்கு நடுவில் பேசினால் வம்பு என்று இருந்துவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் குடிசைக்காரர்கள் தங்கியிருந்ததால் எங்களுக்கு விடுமுறை. முற்பகலில் நான் அத்தையின் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மலைக்குப் போகிற கூட்டம் இல்லை. தெருக்காரர்களே மலிவாகக் கிடைக்கிறதென்று மடியில் வாங்கிக்கொண்டு போனார்கள். சரளா ஒரு பழத்தைத் தின்றுவிட்டு, அடுத்ததற்கு மிளகாய்ப்பொடி எடுத்துவர வீட்டுக்கு ஓடியிருந்தாள். எனக்கென்று கீறிய பழம் என் கையில் இருந்தது. பக்கத்துத் தெருவில் நைனாவின் குரல் கேட்டது. "பொதுமக்கள் கவனத்துக்கு" என்பது மட்டும் தெளிவாக விழுந்தது. மற்றதெல்லாம் காற்றில் இழுபட்டுப் போனது. இப்போது நம் தெருவுக்கு வருவார், முழுதாகக் கேட்கலாம் என்று காத்திருந்தேன்.

ஜட்கா தெருவில் திரும்பியது. குதிரையின் கழுத்து மணி கேட்டது. நைனாவின் குரல் கேட்கவில்லை. மைக் அவர் மடியில் கிடந்தது. அத்தை தலையைக் குனிந்து பழங்களைத் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தாள். எங்களைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வண்டி நின்றது. அவர் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். நான் ஓடினேன். அவர் குனிந்து, அத்தைக்குக் கேட்காதபடி, "கஸ்தூரி, அந்தப் பழத்தத் தின்னாத. யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லிகினு இருக்காத. வூட்டுக்குப் போ" என்றார்.

"ஏன் நைனா?"

"சொன்னா கேளு."

வண்டி போய்விட்டது. அடுத்த தெருவின் முனையில் அவர் குரல் மறுபடி உயர்ந்தது.

நான் பழத்தைச் சாக்கடையில் போட்டேன். வீட்டு வாசலில் ஏறும்போது சரளா ஒரு கிண்ணத்தில் மிளகாய்ப்பொடியோடு எதிரே வந்தாள். "இன்னாடி, அதுக்குள்ள தின்னுட்டியா?" என்றாள். நான் "ஆங்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவள் குதித்துக்கொண்டு கூடையை நோக்கிப் போனாள். நைனா ரகசியம் என்று சொன்னதை நான் காப்பாற்றினேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. அன்று அந்தத் தெருவில் அந்த அறிவிப்பைக் கேட்டது நான் ஒருத்திதான்.

சாயங்காலம் வந்து சொல்லிவிடலாம் என்றுதான் நைனா நினைத்திருக்க வேண்டும். அவர் வருவதற்குள் கூடைகள் காலியாகிவிட்டன.

மறுநாள் விடிந்து வெகு நேரமாகவில்லை, சரளா வாந்தி எடுப்பதாக அத்தை ஓடி வந்தாள். ஏதோ சூடு என்று மோர் கொடுத்துப் பார்த்தார்கள். பத்து மணிக்குள் அவள் கண்கள் உள்ளே போய்விட்டன. உதட்டை நாக்கால் தடவிக்கொண்டே தண்ணீர் தண்ணீர் என்றாள். கொடுத்தது எதுவும் தங்கவில்லை. நைனா அதே ஜட்காவைக் கொண்டுவந்து, "கொயா"க்களை அவிழ்த்துத் தெருவில் வீசிவிட்டு, அவளைத் தூக்கிப் படுக்க வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆஸ்பத்திரித் தாழ்வாரம் முழுக்க ஜனங்கள் தரையில் கிடந்தார்கள். டாக்டரும் நர்சுகளும் உட்காரவில்லை, சாப்பிடவில்லை என்று அம்மா சொன்னாள். சரளாவுக்கு ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. அடுத்த நாள் உச்சிப்பொழுதுக்கு முன்பே சரளா போய்விட்டாள். எங்கள் தெருவில் ஏழெட்டுப் பேர் படுத்தார்கள். மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள்.

என்னை அவளைப் பார்க்க விடவில்லை. தொற்றிக்கொள்ளும் என்று கதவைச் சாத்திவிட்டார்கள். ஜன்னல் வழியாக, சுண்ணாம்புத் தூள் போட்ட தெருவில் நாலு பேர் வேகமாக நடப்பதைத்தான் பார்த்தேன்.

அன்று பிற்பகல் நைனா செய்ததை ஊரில் பலர் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். தெருவில் கிடந்த "கொயா"வை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, பேட்டரியை ஜட்காக்காரர் தலையில் ஏற்றி, எங்கள் தெருவின் ஒவ்வொரு வாசலிலும் நின்று அந்தக் காகிதத்தை முழுக்கப் படித்தார். கதவுகள் சாத்தியிருந்தன. யாருக்கும் அப்போது அது தேவைப்படவில்லை. அத்தை வீட்டு வாசலுக்கு வந்ததும் பாதியில் குரல் நின்றது. அத்தை வெளியே வந்தாள். அழவில்லை. அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"நான் வேணான்னேன். ஆனா நீ சொல்லியிருக்கணும்ணா. என் கூடைய எட்டி ஒதச்சிட்டாவது சொல்லியிருக்கணும்."

மைக் திறந்தே இருந்தது. அவள் சொன்னது தெரு முழுக்கக் கேட்டது.

நைனா அந்தத் தொழிலை விடவில்லை. விட்டிருந்தால் எங்களுக்குப் பிழைக்க வேறு வழி இருந்திருக்காது. ஆனால் கல்யாண வீட்டுப் பாட்டுக்கும் கொட்டகைக்கும் போவதைக் குறைத்துக்கொண்டார். ஊராட்சி அறிவிப்பு என்றால் ஒரு தெருவையும் விடாமல் இரண்டு தடவை போவார், முட்டுச்சந்து என்றாலும் இறங்கி நடந்து போய்ச் சொல்வார். "வாயால சொல்றது என் வேல" என்று அவர் சொல்லி அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை. அத்தை அடுத்த மழைக்குள் மரங்களை வெட்டி விறகுக்குக் கொடுத்துவிட்டு, திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டும் ஆட்களோடு வேலைக்குப் போனாள். பண்டிகைக்கு வருவாள். நைனாவுக்குச் சோறு போட்டுக்கொண்டு எதிரில் உட்காருவாள். இருவரும் மழையைப் பற்றி மட்டும் பேசமாட்டார்கள். நைனா முந்திப் போனார். அவர் காரியத்தன்று அத்தை என் தலையைத் தடவி, "உன்னயாச்சும் காப்பாத்தினான்" என்றாள். அவளுக்கு என்ன தெரிந்திருந்தது, எவ்வளவு தெரிந்திருந்தது என்று எனக்குத் தெரியாது. அன்றைக்காவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. இரண்டு வருஷத்தில் அவளும் போய்விட்டாள்.

இப்போது ஆற்றோரத்தில் வீடுகள் வந்துவிட்டன. ஜட்காவும் இல்லை, தெருவில் நின்று கூவுகிறவரும் இல்லை. புயல் சின்னம் உருவாகும் முன்பே கைபேசி அலறுகிறது. கீரையில் மருந்து, பழத்தில் கார்பைடு கல், தண்ணீரில் கிருமி என்று நாளுக்கு ஒன்று வந்து விழுகிறது. பாதியை யாரும் படிப்பதில்லை. நான் படிப்பேன். படித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு, நான் குடியிருக்கிற தெருவில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவேன். இளம்பெண்கள் கதவைத் திறந்து கைபேசியைக் காட்டிச் சிரிப்பார்கள். "எங்களுக்கும் வந்துச்சு ஆன்ட்டி, பாத்துட்டோம்" என்பார்கள். சரிம்மா என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன்.