மயில் கழுத்துப் புடவையில் விழுந்த பட்டை

இணையத்திலும் விற்கும் காஞ்சிபுரத்துப் புடவைக் கடையொன்றின் படங்களுக்கு நிறம் சரிசெய்வது அருணாதேவியின் வேலை. செங்கம் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாண ஆல்பம் போடும் ஸ்டுடியோவில் தொழில் கற்றவள். இப்போது திருவண்ணாமலை வேங்கிக்கால் வீட்டில் உட்கார்ந்தபடியே கடைக் கணினியைத் தன் திரையில் திறந்து வேலை செய்கிறாள். அரக்கு, மாம்பழ மஞ்சள், ராமர் பச்சை எல்லாம் அவள் கண்ணுக்குத் தப்பாது.

சில நாட்களாகப் படங்கள் சரியில்லை. நீலத்திலிருந்து பச்சைக்கு வழுக்கிப் போக வேண்டிய மயில் கழுத்து, பட்டை பட்டையாக வந்தது. பட்டைகளைத் தேய்த்து மழுப்பி ஏற்றினாள். நெசவின் மயிரிழைக் கோடுகளே படத்தில் இல்லை என்று புடவைகள் திரும்பி வந்தன.

படம் எடுக்கும் ராமதாஸின் வேலைதான் இது என்று முடிவு கட்டினாள். அவருடைய கொழுந்தியாளும் இதே தொழில் படித்தவள், அவளை இந்த வேலையில் சேர்க்கத்தான் படத்தைக் கெடுக்கிறார். முதலாளி பரசுராமனிடம் சொல்லியும்விட்டாள்.

“சாட்சி காட்டும்மா. இன்னொரு புடவ திரும்பி வந்தா வேலைய வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்.”

கடையில் பில் போடும் பொன்னியை அழைத்தாள்.

“அவரு கம்ப்யூட்டர்ல எதனா பண்றாரா, பாத்து சொல்லு.”

“அவருக்கு மவுச புடிக்கவே தெரியாதுக்கா. கேமராலேந்து படத்த ஏத்தறதே நான்தான்.”

அப்படியானால் இவளும் கூட்டா? பொன்னி அங்கேயே படத்தைத் திறக்கட்டும் என்று அருணாதேவி கடைக் கணினியோடு இருந்த இணைப்பை மட்டும் துண்டித்தாள்.

“இன்னிக்கி எடுத்த மயில் கழுத்த அங்கயே தொற. வீடியோ கால்ல காட்டு.”

“இந்தாங்க. எங்கக்கா பட்டை? வழவழன்னு இருக்குது.”

இருந்தது. மறுபடி இணைத்துத் தன் திரையில் அதே படத்தைத் திறந்தாள். பட்டை! படத்தில் குற்றமில்லை, வருகிற வழியில்தான் நிறம் குறைகிறது. இணைப்பின் அமைப்பைத் திறந்தாள். நிறம்: 16 பிட். 32 இருக்க வேண்டிய இடம்.

வைத்தது அவளேதான். பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் ஜாஸ்தி, நெட் நகராது. நிறத்தைக் குறைத்தால்தான் திரை அசையும். மாதாமாதம் குறைப்பாள், மறுநாள் ஏற்றிவிடுவாள். இந்த முறை கிரிவலம் வந்த நாத்தனார் குடும்பம் தங்கிவிட்டதில் மறந்துபோனாள்.

32க்கு மாற்றி மறுபடி இணைத்தாள். பட்டைகள் போயின. அவள் மழுப்பிய பழைய படங்கள் மட்டும் மொழுமொழுவென்று நின்றன.

பரசுராமனிடம் உள்ளதைச் சொன்னாள்.

“கெடுத்ததெல்லாம் திரும்பப் போட்டுக் குடு, கூலி கெடையாது. ராமதாஸ்கிட்ட நீயே பேசிடு.”

வேலை தப்பியது. ராமதாஸை அழைக்கத்தான் கை வரவில்லை. கடைசியில் அழைத்து, தன் தவற்றைச் சொன்னாள்.

“நீங்கதானாம்மா?” என்று அவர் பெருமூச்சு விட்டார். “நான் இத்தினி நாளா அந்தப் பொன்னிதான் படத்த கெடுக்கறாளோன்னு அவ மேல ஒரு கண்ணு வச்சினு இருந்தேன்.”