கேரியரில் வந்த தாய்மாமன்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வந்து லோகநாயகி வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். சைக்கிள் டீச்சர் வீடு என்று கேட்டுப் பாருங்கள், வாசல் வரைக்கும் கூடவே வந்து விட்டுவிட்டுப் போவார்கள். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் அவள் விளையாட்டு டீச்சர். கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் ஸ்கூட்டிக்கு மாறிவிட்ட பிறகும் இவள் மட்டும் பழைய லேடீஸ் சைக்கிளை விடவில்லை. கேட்டால், "பெட்ரோல் ஊத்தினா வண்டி சந்தோஷப்படும், எனக்கு என்னா?" என்பாள்.

இந்தப் பைத்தியம் 2005இல் பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் மீன் வாங்கிவர தேவனாம்பட்டினம் போனவள், கடலைப் பார்த்ததும் மீனை மறந்துவிட்டு கரையோரப் பாதையில் மிதித்துக்கொண்டே போய்விட்டாள். வெறும் பையோடு வீட்டுக்கு வந்தபோது அவள் கணவன் பழனிவேல் ரசம் வைத்து அப்பளம் பொரித்திருந்தான். முகத்தில் அத்தனை வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, பாவம், அவனால் கோபப்படக்கூட முடியவில்லை. அதிலிருந்து ஞாயிறு என்றால் சைக்கிள்தான். ஒரு வாரம் கெடிலத்துக் கரை, ஒரு வாரம் நெல்லிக்குப்பத்துக் கரும்புத் தோட்டங்கள், தைப்பூசத்துக்கு வடலூர். அம்மா முத்தம்மாள் மட்டும், "வயசுக்கு வந்த புள்ளைய வச்சிக்கினு சுடிதார் போட்டுக்கினு சைக்கிள்ல திரியறா" என்று மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி முணுமுணுப்பாள்.

நான் சொல்ல வந்தது 2009 பங்குனியில் ஒரு ஞாயிறு. லோகநாயகியின் தங்கை காயத்ரியைச் சிதம்பரத்தில் கொடுத்திருந்தார்கள். அவளுடைய மகள் அறிவுமதிக்கு அன்றைக்குக் காதுகுத்து. அம்மாவும் பழனிவேலும் லோகநாயகியின் மகளைக் கூட்டிக்கொண்டு சீர்வரிசைத் தட்டுகளோடு முதல் நாளே பஸ் ஏறிவிட்டார்கள். லோகநாயகிக்குச் சனிக்கிழமை பள்ளியில் விளையாட்டு விழா. அதனால் ஞாயிறு விடியலில் பட்டுப்புடவையைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, தன் வழக்கப்படி சைக்கிளில் கிளம்பினாள். முதுநகரைத் தாண்டியதும் ஒரு பக்கம் உப்பனாற்றுத் தண்ணீர், இன்னொரு பக்கம் அகலப்பாதை போடுகிறோம் என்று ரயிலை நிறுத்தி வைத்திருந்த வெறும் தண்டவாள மேடு. இளவெயில். சாலையில் பாதி அவளுக்கே சொந்தம் போல இருந்தது. வாய்க்குள் எதையோ பாடிக்கொண்டே மிதித்தாள்.

ஆலப்பாக்கம் நெருங்கும்போது போன் அடித்தது. காயத்ரி. பேச்சைவிட அழுகைதான் அதிகம் வந்தது.

"அக்கா, தங்கராசு அண்ணன் வரமாட்டேன்னுடுச்சாம். மாமியார் காலையிலேருந்து ஆரம்பிச்சிட்டாங்க. அண்ணன் தம்பி இல்லாத வூட்ல பொண்ணெடுத்தா இப்படித்தான் ஆவும்னு வந்தவங்க போனவங்க கிட்டல்லாம் சொல்றாங்க. பன்னெண்டு மணிக்கு எமகண்டம். அதுக்குள்ள மாமன் வரலன்னா அவுங்க பக்கத்து ஆளு யாரையாவது உக்கார வச்சிடுவாங்களாம்."

லோகநாயகிக்கு மிதித்த கால் நின்றுவிட்டது. வீட்டில் பிறந்தது இரண்டும் பெண். காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். அது பிறந்த வீட்டுக்கு உள்ள உரிமை. கூடப்பிறந்த ஆண் இல்லாததால் பெரியப்பா மகன் தங்கராசுவைத்தான் மாமனாக நிறுத்துவதாகப் பேச்சு. அந்த மடியும் இல்லாமல் போனால், காயத்ரி ஆயுசுக்கும் அந்த ஒரு சொல்லைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். மாமியார் தில்லையம்மாள் கெட்டவள் இல்லை. ஆனால் கிடைத்த சொல்லை வீணாக்குகிறவளும் இல்லை.

தங்கராசு ஏன் முறுக்கிக்கொண்டார் என்பது லோகநாயகிக்கு உடனே தெரிந்துவிட்டது. அவரை அழைத்தவள் அவள்தான். தாம்பூலத் தட்டோடு நேரில் போய் அழைக்க வேண்டிய மனுஷனை, செல்போன் கையில் இருக்கிறதே என்று, பள்ளி மைதானத்தில் விசிலுக்கும் விசிலுக்கும் நடுவில் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். "சரி, சரி" என்றார். அந்த இரண்டாவது சரியிலேயே அவள் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அவர் ஊர் புதுச்சத்திரத்திலிருந்து கடல் பக்கம் பிரிகிற சாலையில்தான் இருக்கிறது. "நீ அழாத. மாமனோட வரேன்" என்று சொல்லிவிட்டு, ஆலப்பாக்கத்துப் பெட்டிக்கடையில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு பழம் வாங்கிப் பையில் போட்டாள். அதன் பிறகு மிதித்தாள் பாருங்கள், பள்ளிப் பிள்ளைகள் பார்த்திருந்தால் கைதட்டியிருக்கும்.

புதுச்சத்திரத்தில் இடது பக்கம் திரும்பியதும் சாலை ஒடுங்கியது. முந்திரித் தோப்பு, பிறகு சவுக்கு, அதற்கு அப்பால் கடலின் இரைச்சல். உளுந்து அறுப்பு நேரம். அந்தப் பக்கத்தில் பிடுங்கிய செடியைத் தார்ச் சாலையிலேயே பரப்பிவிடுவார்கள். லாரியும் டிராக்டரும் ஏறி ஏறிப் போனால் உளுந்து தானாக உதிர்ந்துவிடும். கார்காரனும் அந்த வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்துவிட்டுப் போவான். ஆனால் சைக்கிளில் வருகிறவன் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். இது லோகநாயகிக்கு நன்றாகவே தெரியும். அன்றைக்கு இருந்த அவசரத்தில் அதெல்லாம் எங்கே ஞாபகம் வரும்? நேராக உள்ளே விட்டாள்.

பத்தடி போகவில்லை. உளுந்துக் கொடி சக்கரத்தில் சுற்றி, செயினில் ஏறி, பல்லுக்குள் இறுகி, சைக்கிள் நின்றுவிட்டது. அவள் உளுந்துக் குவியலின் மேல் உட்கார்ந்திருந்தாள். அடி ஒன்றும் இல்லை. எழுந்து கொடியைப் பிடித்து இழுத்தாள். இழுக்க இழுக்க இன்னும் இறுகியது. இரண்டு கையும் மசி அப்பிக் கரியாகிவிட்டது.

"யாரும்மா அது, உளுந்து மேல சைக்கிள வுடறது? கண்ணு தெரியல?" என்று சவுக்குத் தோப்பு நிழலிலிருந்து ஒரு குரல். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெரிய மீசையோடு வந்தவர் தங்கராசு. உளுந்தும் அவருடையதுதான்.

ஆளைப் பார்த்ததும் முகம் ஒரு நொடி மலர்ந்தது. கோபம் நினைவுக்கு வந்ததும் அதைச் சுருக்கிக்கொண்டார்.

"டீச்சரம்மாவா? இந்தப் பக்கம் எங்க?"

"உங்களக் கூப்பிடத்தாண்ணே வந்தேன்."

"போன்ல கூப்புட்ட இல்ல? காதையும் போன்லயே குத்திக்குங்க."

உளுந்தைப் புரட்டிக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். லோகநாயகிக்குக் கண் கலங்கியது. பையைத் திறந்தாள். தட்டு கிடையாது. டிபன் பாக்ஸ் மூடியைக் கழற்றி, அதில் வெற்றிலை பாக்கையும் பழத்தையும் வைத்து, அந்தக் கரிக் கையாலேயே இரண்டு கையும் சேர்த்து நீட்டினாள்.

"தப்புதாண்ணே. அண்ணன்தானேன்னு உரிமையில பேசிட்டேன். நீங்க வரலன்னா எங்களுக்கு வேற யாருண்ணே இருக்கா?"

தங்கராசு மூடியைப் பார்த்தார். அதன் ஓரத்தில் நேற்றைய எலுமிச்சைச் சாதம் ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. மீசை ஆடியது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை, வாய்விட்டுச் சிரித்துவிட்டார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு மூடியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"இத மொதல்லயே செஞ்சிருந்தா நான் நேத்தே போயிருப்பேன் இல்ல?" என்று சொல்லிக்கொண்டே தரையில் குந்தி, செயினிலிருந்து கொடியை ஒவ்வொன்றாக அறுத்து எடுத்தார். "என் உளுந்து கால்வாசி உன் சைக்கிள்லதான் கீது. இதையும் சீர்ல சேத்துக்க."

வீட்டுக்குப் போய் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். மகன் தன் மொபெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போயிருந்தான். மெயின் ரோட்டில் பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாமே என்றாள் லோகநாயகி. ரயில் இல்லாத வருஷம், முகூர்த்த நாள் வேறு. வருகிற பஸ்ஸில் படியில்கூட இடமிருக்காது. இடமிருந்தாலும் அவர் ஏறியிருக்க மாட்டார். "கூப்புட வந்தவளோடதான் மாமன் போவணும். பஸ்ல தொங்கிக்கினு போய் எறங்கினா எனக்கு இன்னா மரியாத?" என்றார். சைக்கிள் மிதிக்கவும் அவருக்குத் தெரியாது, சின்ன வயதிலிருந்தே பயம். ஆக, அந்த மரியாதைக்குரிய மனிதர் லேடீஸ் சைக்கிள் கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து, டிபன் மூடியை மடியில் வைத்துக்கொண்டார்.

பாரம் தொடையில் இறங்கியது. இடது பக்கத்திலிருந்து கடல்காற்று தள்ளியது. பி.முட்லூரில் டீக்கடைக்காரர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள். தங்கராசு ஊர்வலம் போகிறவர் போலக் கையை ஆட்டினார். வெள்ளாற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் அவள் மூச்சு வாங்கியது.

"எறங்கட்டுமாம்மா?"

"உக்காருங்கண்ணே!"

எழுந்து நின்று மிதித்தாள். மேட்டில் ஏறியதும் கீழே ஆறு முழுக்க வெயில், தூரத்தில் படகுகள். இறக்கத்தில் பிரேக்கைத் தொடவே இல்லை. "ஐயோ, ஐயோ" என்று கத்தியவர், பாதி இறக்கத்தில் சிறுபிள்ளை மாதிரி "இன்னும் ஜாஸ்தியா வுடு!" என்றார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் சைக்கிளே ஆடியது.

சிதம்பரத்து வீட்டுப் பந்தலில் அவர்கள் இறங்கியபோது பன்னிரண்டு ஆகக் கொஞ்சம்தான் பாக்கி. மணையில் உட்கார வேறொரு ஆள் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். காயத்ரி ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். புடவை மாற்ற ஏது நேரம்? தங்கராசுவுக்கு மாலை போட்டு உட்கார வைத்தார்கள்.

மொட்டைத் தலையும் சந்தனமுமாக அறிவுமதியை அவர் மடியில் வைத்ததுதான் தாமதம், அந்த மீசையைப் பார்த்து வீறிட்டாள். வெல்லம் கொடுத்தார்கள், துப்பினாள். லோகநாயகி பக்கம் இரண்டு கையையும் நீட்டித் துள்ளினாள். ஊசியோடு இருந்த ஆசாரி, "இப்படித் துள்ளினா காது கிழிஞ்சிடும்" என்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அழுதா அழுவட்டும். மாமன் மடிதான் மடி. இங்க மாமன் வச்சதுதான் சட்டம்" என்றாள் தில்லையம்மாள்.

தங்கராசு குழந்தையோடு எழுந்தார். கேரியரில் மரத்துப்போன கால் கொஞ்சம் தள்ளாடியது. தன் மாலையைக் கழற்றி, புழுதியும் உளுந்துச் சருகுமாக நின்ற லோகநாயகியின் கழுத்தில் போட்டார்.

"மாமன் வச்சதுதான் சட்டம்னா கேட்டுக்குங்க. பொறந்த வூட்லேருந்து என்னையும் தூக்கிக்கினு மிதிச்சி வந்தவ இவ. இன்னைக்கு இவதான் மாமன். நீ உக்காரும்மா."

லோகநாயகி உட்கார்ந்தாள். குழந்தை அவள் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. ஊசி போய் வந்தது. ஒரே ஒரு அழுகை, அவ்வளவுதான். முத்தம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுடிதாரைப் பற்றி அன்றைக்கு அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

குழந்தையைத் திருப்பியபோதுதான் தெரிந்தது, லோகநாயகியின் விரலில் இருந்த செயின் மசி அறிவுமதியின் கன்னத்தில் வட்டமாக ஒட்டியிருந்தது. லோகநாயகி பதறித் துடைக்கப் போனாள். தில்லையம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும் வுடும்மா. இவ்ளோ பேரு கண்ணு இருக்குது, திருஷ்டிக்கு ஆச்சி" என்றவள், எமகண்டம் முடிந்து எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகும் அதைத் துடைக்க யாரையும் விடவில்லை.