குறுக்கே அறுபட்ட திருகாணி

என் மேசை இழுப்பறையில் ஒரு திருகாணி கிடக்கிறது. தலையில் நட்சத்திர வடிவக் குழி, குழியின் நடுவே ஒரு சிறு முள். அதற்கென்றே நுனியில் துளையிட்ட ஸ்க்ரூ டிரைவர் இருந்தால்தான் சுழலும். இதன் தலையிலோ குறுக்கே கோணலாக ஒரு வெட்டு. அதைப் போட்டவர், கள்ளக்குறிச்சியில் நான் தங்கிப் படித்த விடுதியின் சமையல்கார அக்கா.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். விடுதிக் கழிவறையில் பல்பு திருடு போகிறதென்று விளக்கு மூடியில் அந்தத் திருகாணிகளை முடுக்கிவிட்டார்கள். பிறகு உள்ளே இருந்த பல்பு ஃபியூஸ் போய்விட்டது. எலக்ட்ரீஷியன், டூல் வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். வார்டன் சொல்ல, நான் மூன்று விண்ணப்பங்கள் எழுதினேன். சின்னப் பெண்கள் இருட்டுக்குப் பயந்து மாலையிலேயே தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி வழுக்கி விழுந்து நெற்றியைக் கிழித்துக்கொண்டாள். மறுநாள் மதியச் சமையல் முடிந்ததும் அக்கா ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“இன்னாடி பாத்துகினு நிக்கிற? ஸ்டூல புடி. நான் வுழுந்தா சாயங்காலம் நீதான் சோறாக்கணும்.”

மெயினை அணைத்திருந்தோம். கத்தி முனையை விட்டுத் திருகிப் பார்த்தார்; முனை ஒடிந்தது. பிறகு, ஒரு பக்கம் துணி சுற்றிய பாதி ஹாக்சா பிளேடால் அந்த முள்ளோடு சேர்த்துத் தலையை அறுக்கத் தொடங்கினார். இரும்புத் தூள் என் முகத்தில் உதிர்ந்தது. “திருடன் கைக்கு ஆவக்கூடாதுன்னு போட்டானுங்க. இப்ப ஒருத்தன் கைக்கும் ஆவல” என்றார். வெட்டு விழுந்ததும் தோசைத் திருப்பியின் விளிம்பை அதில் பதித்து, பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினார். நான்கு திருகாணிகள். பல்பை மாற்றியபின் மூன்றை மறுபடி முடுக்கினார். நான்காவது என் கையிலேயே தங்கிவிட்டது.

ஆய்வுக்கு வந்த அதிகாரி அறுபட்ட தலைகளைப் பார்த்து எழுத்தில் விளக்கம் கேட்டார். அக்காவுக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும். “நீ படிச்ச புள்ள. நல்லா எழுதுவ” என்று என்னிடம் வந்தார். ‘பல்பு மாற்றினேன்’ என்ற ஒரு வரி போதும். நானோ என் எழுத்தின் மேல் எனக்கிருந்த பெருமையில் பக்கம் முழுக்க எழுதினேன்: எந்த பிளேடு, எத்தனை திருகாணி, எப்படி அறுத்தேன், யாரிடமும் அனுமதி கேட்கவில்லை என்பதுவரை. படித்துக் காட்டியபோது அக்கா சிரித்தார். “நேர்ல பாக்கற மாதிரியே கீது.” கீழே கையெழுத்துப் போட்டார்.

பொருளைச் சேதப்படுத்தியதை அவரே ஒப்புக்கொண்டார் என்று என் வாக்கியங்களையே எடுத்துக்காட்டி அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நான் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. அப்படி எனக்கு நானே சொல்லிச் சொல்லித்தான் அலுத்துப்போனேன். கச்சிராயபாளையம் டவுன் பஸ் ஏறும்போது, “வூட்ல மாடு கீது, பொழச்சிக்குவேன். நீ பரிட்சைய பாரு” என்றார்.

இப்போது நான் மலையில் ஒரு பள்ளியில் ஆசிரியை. பெண்கள் கழிவறையில் அதே மாதிரி விளக்கு, அதே மாதிரி திருகாணி, உள்ளே எரியாத பல்பு, டூல் வரவேண்டும் என்ற அதே பதில். நான்கு கடிதங்கள் எழுதிவிட்டேன். என் கடிதங்கள் இன்றும் அழகாகத்தான் இருக்கின்றன. நேற்று மதியம் ஹாக்சா பிளேடில் துணி சுற்றிக்கொண்டு நானே ஏறினேன். தோள் இன்னும் வலிக்கிறது.

இன்று காலை தலைமையாசிரியர் எழுத்தில் விளக்கம் கேட்டார். இழுப்பறையைத் திறந்து, தாள் பறக்காமலிருக்க அக்காவின் திருகாணியை அதன்மேல் வைத்தேன். எந்த பிளேடு, எத்தனை திருகாணி, எப்படி அறுத்தேன் என்று ஒன்றுவிடாமல் எழுதினேன். கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.